ஆமைப் பிணங்களை எண்ணினால் போதுமா?

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: எத்தனை? எதனால் என்பதற்கு ஆளுக்கு ஒரு விடை. எண்ணுவது ஆய்வின் முதல் படி. நாமோ அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

செத்த மாடுகளைத் தின்னும் பாறு கழுகுகளை நினைத்துப் பாருங்கள். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் அவை குறைந்துகொண்டே வந்ததைக் கண்டுபிடித்தது கணக்கெடுப்புதான். ஆனால் காரணத்தைச் சொன்னது கத்தி. செத்த பறவைகளை அறுத்தபோது சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தால் இன்று எண்ணுவதற்கும் ஒன்று மிஞ்சியிருக்காது.

நம் ஆமைகளுக்கு வருவோம். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் வலைக்குள் சிக்கினால் மேலே வர வழியின்றித் திணறிச் சாகும். வீங்கிய கழுத்தையும் பிதுங்கிய கண்களையும் வைத்து நிபுணர்கள் அப்படித்தான் சந்தேகித்தார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் திருவொற்றியூரில் அலை தடுக்கும் பாறைகளுக்கிடையே நான் பார்த்த ஆமைக்குக் கண்ணே இல்லை, காகம் கொத்திவிட்டது. ஓடு விளிம்பில் பிளந்து, துடுப்புக் காலில் தோல் உரிந்து தொங்கியது. அந்த உடலை அறுத்து யார் என்ன சொல்ல முடியும்? குழி தோண்டிப் புதைப்பதுதான் மிச்சம்.

கரையில் முட்டைக்குழிகளை எண்ணி ஆமைகளைக் கணக்கிடுவதும் பாதிக் கணக்குதான். ஆண் ஆமை முட்டையிடக் கரையேறுவதில்லையே!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மீனவப் பெரியவரிடம் இதைப் பேசினேன். “எங்கள்மேல் பழி போட மட்டும் ஆமையை எண்ணுகிறீர்கள் தம்பி. எண்ணூர் முகத்துவாரத்தில் மிதந்த எண்ணெயால் என்னென்ன செத்தது என்று யார் எண்ணினார்கள்?” என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, கறுப்பு அப்பிய கூழைக்கடாக்களின் படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். பறவை அலகால் இறகைக் கோதக் கோத அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போகும். பறந்து போய்விட்டது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், வளையமிட்டுப் பின்தொடர வேண்டும். இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை, படத்துக்கும் நன்றாக வராது.

விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்கு அப்பால்தான் வலை இழுக்க வேண்டும் என்ற விதியைக் கறாராக அமல்படுத்தட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அழுகாத உடல் முதலில் கிடைப்பது மீனவர் கையில்தான். காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே மாதவரத்தில் இருக்கிறது. இருந்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில், உள்ள உயிரைக் கரைக்குக் கொண்டுவந்து வழக்கில் மாட்ட யாருக்குப் பைத்தியம்? கடலிலேயே வீசிவிடுவார்கள். செத்த ஆமையை ஆய்வுக்கு ஒப்படைப்பவர்மேல் வழக்கு இல்லை என்று அரசு எழுத்தில் கொடுக்கட்டும். ஐஸ் செலவை ஆமைகளை எண்ணும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.