அந்த வசனம் கஷ்டத்தைப் பற்றியது அல்ல

மேலே ஒருவர் "தாங்க முடியாத கஷ்டத்தை ஆண்டவர் தர மாட்டார், 1 கொரிந்தியர் 10:13 பாருங்க" என்று போட்டிருக்கிறார். அந்த வசனத்தில் அப்படி இல்லைங்க. நம்ம பேச்சில் சோதனை என்றாலே கஷ்டம்தான், அதனால் வரும் குழப்பம் இது. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்துக்கும் வேசித்தனத்துக்கும் விழுந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கான இந்தக் கடிதத்தில் இதை எழுதுகிறார். பாவத்துக்கு இழுக்கிற சோதனையில் தப்பிக்க ஒரு வழி உண்டு என்பதுதான் அங்கே பேச்சு, கேன்சரோ கடனோ அல்ல.

கஷ்டத்தைப் பற்றி அதே பவுல் என்ன சொல்கிறார்? 2 கொரிந்தியர் 1:8. ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்கிறார். நேர் எதிர்! அடுத்த வசனத்தில், தங்களை நம்பாமல் மரித்தோரை எழுப்புகிற தேவனை நம்பும்படி அது வந்தது என்கிறார்.

எங்கள் தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அக்காவிடம், பெட்டியை எடுப்பதற்கு முன்பே ஒருவர் அந்த 1 கொரிந்தியர் 10:13-ஐச் சொன்னார். "அப்போ நான் பலமா இருந்ததாலதான் என் புள்ள போச்சா?" என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. துக்க வீட்டுக்குப் போனால் துக்கத்தை அப்படியே ஆண்டவரிடம் கொட்டுகிற சங்கீதம் 88 வாசியுங்கள், இல்லையென்றால் சும்மா பக்கத்தில் உட்காருங்கள்.