முள் இருப்பதெல்லாம் கேக்டஸ் அன்று

பாலைவனத் தாவரங்களுக்கான கண்ணாடிக்கூடத்தில் முள்ளோடு நிற்பவை அனைத்தும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ் செடிகளே என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்னும் ஒரே இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிறது, அதுவும் மரக்கிளைகளில் தொங்கும், ஏறக்குறைய முள்ளற்ற செடி. கண்ணாடிக்கூடத்தின் ஆப்பிரிக்கப் பகுதியில் தூண்போல் நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் யூஃபோர்பியா என்னும் வேறொரு குடும்பச் செடிகள் (தமிழில் இரண்டையும் கள்ளி என்றே சொல்லிப் பழகியதும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம்). சற்றுக் குனிந்து பார்த்தால், கேக்டஸின் முட்கள் பஞ்சுபோன்ற சிறு மெத்தையிலிருந்து கொத்தாகக் கிளம்புவது தெரியும். யூஃபோர்பியாவில் அந்த மெத்தை இராது, முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். தண்டைக் கீறிச் சோதிக்க வேண்டாம். யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும்.