டயாலிசிஸில் நடுக்கம் வந்தால் ஏசி குளிர் என்று விட்டுவிடாதீர்கள்

டயாலிசிஸுக்காகக் கழுத்தின் பெரிய ரத்தக் குழாயில் போடும் கதீட்டர் என்ற குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதைப் பற்றி ஒரு கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் வீட்டார் என்ன கவனிக்க வேண்டும் என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ், அதனால் சொல்கிறேன்.

மெஷினில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும், பல் கிட்டும், கம்பளி கேட்பார்கள். ஏசி குளிர் என்று நினைத்து ஒரு பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கிறது. கழுத்தில் கதீட்டர் உள்ளவருக்கு இப்படி வந்தால் உடனே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும், ஆன்டிபயாடிக் அதற்கு அப்புறம்தான். "கல்ச்சர் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2023-ல் சொன்னது: டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ்) என்ற கிருமி ரத்தத்தில் பரவும் வாய்ப்பு மற்றவர்களைவிட 100 மடங்கு. அதிலும் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷனில் இணைத்தது) உள்ளவரைவிடக் கதீட்டர் உள்ளவருக்கு 6 மடங்கு ஆபத்து. சரி, எல்லோருக்கும் ஃபிஸ்டுலாவே போட்டுவிடலாமே என்றால், அது ஊசி குத்தும் அளவுக்குத் தயாராக ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும். நம் ஊரில் மூச்சு வாங்கி, கால் வீங்கி, அவசரமாக வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பெரும்பாலும் கழுத்துக் குழாயை விட்டால் வேறு வழியில்லை. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லும்போதே ஃபிஸ்டுலா பற்றிக் கேட்டுவிடுங்கள்.

குழாயைத் திறக்கும்போதும் மூடும்போதும் நோயாளியும் நர்ஸும் மாஸ்க் போட்டிருக்க வேண்டும். குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது. வேறு வார்டில் சேர்த்தால், குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்று அந்தக் குழாயைத் தொட வருவார்கள். டயாலிசிஸ் டாக்டரைக் கேட்காமல் தொட விடாதீர்கள்.