நிக்கசில் கெட்டதற்குக் கந்தகம்தான் காரணம்
அலுமினிய எஞ்சினில் சிலிண்டர் பூச்சு சீக்கிரம் போய்விடும், சிலிண்டருக்குள் செருகும் இரும்பு உறையான லைனர்தான் நல்லது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே ஏற்க முடியவில்லை. 1990களில் பிஎம்டபிள்யூ, ஜாகுவார் வி8 எஞ்சின்களில் நிக்கசில், அதாவது நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்கள் கலந்த சிலிண்டர் பூச்சு, கெட்டது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் அன்றைய பெட்ரோலில் இருந்த கந்தகம். அது எரிந்து ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி நிக்கலை அரித்தது, அதுவும் எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் குறுகிய ஓட்டங்களில். இன்றும் எத்தனையோ பைக் எஞ்சின்களில் அதே நிக்கசில் நன்றாக உழைக்கிறது.

இப்போது பல கார்களில் வருவது வேறு முறை. இரும்புக் கம்பியை மின்வில்லில் உருக்கித் துளித்துளியாகச் சிலிண்டர் சுவரில் தெளிக்கிறார்கள், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். எடை மிச்சம், வெப்பமும் சட்டென்று அலுமினியத்துக்குப் போய்விடும். அப்புறம் ஹோனிங் (உராய்வுக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது) முடிந்த சுவர் கண்ணாடி மாதிரி மின்னும், உருப்பெருக்கியில் பார்த்தால்தான் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும், எண்ணெய் தங்குவது அதில்தான். ஆழமாகச் சிராய்ப்பு விழுந்தால் சாதாரணப் பட்டறையில் போர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டன் போட்டுவிட முடியாது, சரி, அது உண்மையான குறை. கட்டுரையில் அதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.