தாழ்மைப் பாடத்தை 14-ஆம் வசனத்தில் முடித்துவிடாதீர்கள்

மனமாற்றம், தாழ்மை என்று தலைப்புக் கொடுத்தால் சபைகளில் பெரியவர்கள் வேதபாடத்துக்கு அடிக்கடி எடுக்கப்படுவது 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம், அதாவது குஷ்டரோகம் பிடித்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதை. நல்ல தேர்வு. ஆனால் 27 வசனங்கள் உள்ள அதிகாரத்தில் 14-ஆம் வசனம் வந்ததும், "ஏழுதரம் முழுகினான், சுத்தமானான், நாமும் நம்மைத் தாழ்த்துவோம், ஜெபிப்போம்" என்று முடித்துவிடுகிறோம். அந்த வசனத்தில் தெரிவது தோலின் மாற்றம் மட்டுமே. ஆள் மாறினானா என்பதை மீதி 13 வசனங்கள்தான் காட்டுகின்றன.

ஒரு மணி நேர வகுப்பு என்றால் முதல் பத்து நிமிஷம் விளக்கமே வேண்டாம். அதிகாரத்தை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துச் சத்தமாக வாசிக்க வையுங்கள்: கதை சொல்பவர், சிறைப்பட்ட பெண், இஸ்ரவேலின் ராஜா, நாகமான், அவனுடைய ஊழியக்காரர், தீர்க்கதரிசி எலிசா, எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. பிறகு ஒரே ஒரு வேலை கொடுங்கள். பெரிய, சிறு என்ற சொற்கள் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முதல் வசனத்தில் "பெரிய மனுஷன்". அடுத்த வசனத்திலேயே ஒரு "சிறு பெண்". 13-இல் "பெரிய காரியம்". 14-இல் "சிறுபிள்ளையின் மாம்சம்". அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பிள்ளைக்கும் எபிரெயத்தில் சிறுமையைக் குறிக்கும் சொல் ஒன்றுதான். பெரிய மனுஷன் கடைசியில் யாரைப்போல ஆனான் என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்காது.

அடுத்து, அவன் எத்தனை இடத்தில் இறங்கினான் என்று கேளுங்கள். 9-ஆம் வசனத்தில் குதிரைகளோடும் இரதத்தோடும் எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறான். வீட்டுக்காரர் வெளியே வரவில்லை, யோர்தானில் போய் ஏழுதரம் முழுகு என்று ஆள் அனுப்பிச் சொல்கிறார். அங்கே கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சமாரியா மலைமேல் இருக்கிற ஊர். யோர்தான் பள்ளத்தாக்கோ கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. நிஜமாகவே இறங்கித்தான் போக வேண்டும். இதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தவறவிடுவது 21-ஆம் வசனம். கேயாசி பின்னால் ஓடி வருவதைப் பார்த்ததும், நாகமான் இரதத்தை விட்டு இறங்கி எதிர்கொண்டு போய், "சுகசெய்தியா" என்று கேட்கிறான். தீர்க்கதரிசியே வெளியே வரவேண்டும் என்று எதிர்பார்த்தவன் இப்போது அவருடைய வேலைக்காரனுக்காக இறங்குகிறான். என் பார்வையில் மொத்தப் பாடத்துக்கும் ஆணிவேர் இந்த வசனம். பத்து நிமிஷமாவது இங்கே நில்லுங்கள்.

15 முதல் 18 வரை "உமது அடியேன்" எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து முறை. 11-ஆம் வசனத்தில் "எனக்குள் நினைத்திருந்தேன்" என்றவன் 15-இல் "அறிந்திருக்கிறேன்" என்கிறான். உடனே கேயாசிக்குப் போங்கள், ஏனென்றால் 25-இல் எங்கே போயிருந்தாய் என்று எலிசா கேட்டபோது அவனும் "உமது அடியான்" என்றுதான் சொல்கிறான், பொய் சொல்வதற்கு. பணிவான வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வருகிறது. இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் தாழ்மை என்பது பேச்சுநடை என்று வகுப்பு நினைத்துக்கொண்டு போகும்.

பணக் கணக்கையும் விடாதீர்கள். தாலந்து என்ற அந்தக் கால எடையை ஏறக்குறைய 34 கிலோ, சேக்கல் என்ற எடையைச் சுமார் 11 கிராம் என்று வைத்தால், நாகமான் காணிக்கையாகக் கொண்டுவந்தது 340 கிலோ வெள்ளி, 65 கிலோவுக்கு மேல் பொன். எலிசா ஒன்றையும் தொடவில்லை. கேயாசி பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கியது இரண்டு தாலந்து வெள்ளி. சமாரியா மலையையே ராஜாவாகிய உம்ரி வாங்கின விலை அது (1 இராஜாக்கள் 16:24).

இனி, கவனிக்க வேண்டிய தவறுகள். "பெருமைதான் குஷ்டரோகம்" என்று சொல்லாதீர்கள். நாகமானின் பெருமைக்குத் தண்டனையாக அந்த நோய் வந்தது என்று அதிகாரம் எங்கும் சொல்லவில்லை. மேலும் மூலத்திலுள்ள சொல், லேவியராகமம் 13, 14-இன்படி, துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருவது. இன்றைக்கு நாம் தொழுநோய் என்று சொல்வதோடு அதை அப்படியே பொருத்த முடியாது. தொழுநோய் கிருமியால் வருவது, கூட்டு மருந்தால் முழுதாகக் குணமாவது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவரின் குடும்பத்தில் அந்த நோய் இருந்திருக்கலாம். ஓர் உவமைக்காக அவரைக் காயப்படுத்துவது பெரிய அநியாயம். அதேபோல, வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு பெருமையை அறிக்கையிடச் சொல்வதும் வேண்டாம். கேட்பவர்களுக்குப் பிடித்த பெருமையைத்தான் சொல்வார்கள்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. நம் சபைகளில் தாழ்மைப் பிரசங்கம் போய்ச் சேருவது மருமகள்கள் மேலும், வேலைக்காரர்கள் மேலும், சபையில் ஏற்கெனவே குரல் இல்லாதவர்கள் மேலும்தான். இந்த அதிகாரத்தில் அடிமைப் பெண்ணிடம் ஒருவரும் "தாழ்மையாயிரு" என்று சொல்லவில்லை. அவள் பேசுகிறாள், பெரியவர்கள் கேட்கிறார்கள். "தகப்பனே" என்று புத்தி சொல்லும் ஊழியக்காரரும் அப்படியே. இறங்கச் சொல்லப்பட்டவன் படைத்தலைவன். ஆகவே வாரத்துக்கான செயல்பாடு கொடுப்பதென்றால், உங்கள் கீழே வேலை செய்கிற ஒருவரிடம் "நான் எதை மாற்ற வேண்டும்" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் முதலில் செய்யட்டும்.

கடைசிப் பத்து நிமிஷம், சீரியரின் தெய்வமான ரிம்மோனின் கோவிலுக்கு. ஊருக்குத் திரும்பினால் எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு அங்கே பணிவான், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான் நாகமான். மாறின மனுஷன் மாறாத வேலைக்குத் திரும்புகிறான். யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "எலிசா அனுமதி கொடுத்தாரா இல்லையா?" விளக்கவுரைகளில் தேடி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு போகாதீர்கள். எலிசா சொன்னது "சமாதானத்தோடே போ" என்பது மட்டும். வகுப்பையும் அந்த வசனத்தை வாசித்தே அனுப்பிவையுங்கள். ரிம்மோன் கேள்வியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்கலாம்.