வண்டியை மறித்து நின்ற தாய்

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் கைதிப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், “எல்லாம் நடிப்பு, நாலு பேர் பார்க்கத்தான் செய்கிறாள்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு உடனே சாரா கேம்பெல் நினைவுக்கு வருகிறாள்.

இங்கிலாந்தின் செஷயரில் இருக்கிறது ஸ்டையல் பெண்கள் சிறை. 2003 ஜனவரியில் தண்டனை பெற்று அங்கே வந்தபோது சாராவுக்கு 18 வயது. மனச்சோர்வு, போதைப் பழக்கம், தன்னையே காயப்படுத்திக்கொண்ட பழைய நாட்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் இருந்தன. அவளைத் தனி அறைப் பிரிவில் வைத்தார்கள். மறுநாள் அவள் உயிரோடு இல்லை. 2002 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்குள் அந்த ஒரே சிறையில் இறந்த ஆறு பெண்களில் அவளும் ஒருத்தி.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், சிறைக்குப் போகும் பெண்களின் நிலை பற்றிய ஆய்வை நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஜீன் கார்ஸ்டனிடம் அரசு ஒப்படைத்தது. 2007 மார்ச்சில் வந்த அவருடைய அறிக்கையை எல்லோரும் படிக்க வேண்டும். சிறையிலிருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானவர். பாதிப் பேர் வரை வீட்டிலேயே அடி உதை பட்டவர்கள். அப்படிப்பட்டவளை முதல் நாளே ஆடை களைந்து சோதித்தால் அவள் உடம்புக்கு அது சோதனையாகவா தெரியும்? பழைய அறை, பழைய ஆள், பழைய பயம். வெளியிலிருந்து பூட்டும் கதவும், இரவில் நெருங்கி வரும் காலடிச் சத்தமும் கூட அவளுக்கு அதையேதான் நினைவூட்டும். வழக்கமாக நடந்துவந்த அந்த ஆடை களைந்த சோதனை, அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் பெண்கள் சிறைகளில் கைவிடப்பட்டது. ஆக, அது இல்லாமலும் சிறை நடத்த முடியும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதானே? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சாராவின் தாய் பாலின் கேம்பெல்லுக்கு அவள் ஒரே பிள்ளை. மகள் போன பிறகு, பெண்கள் சிறைகளில் சாவு விழும்போதெல்லாம் அந்த வாசலில் போய் நின்றார். கைதிகளை ஏற்றிவரும் வண்டிக்குக் குறுக்கே நின்று, உள்ளே பாதுகாப்பில்லை, திருப்பிக் கொண்டுபோங்கள் என்று ஓட்டுநரிடம் மன்றாடினார். போலீஸ் பலமுறை கைது செய்தது. மறுபடியும் போய் நின்றார்.

கார்ஸ்டன் 43 பரிந்துரைகள் தந்தார். பெரிய பெண்கள் சிறைகளுக்குப் பதிலாக, குடும்பத்துக்குப் பக்கத்திலேயே சிறிய காப்பகங்களைப் பத்தாண்டுக்குள் அமைக்கச் சொன்னது அவற்றில் முக்கியமானது. 2008 மே மாதம் பாலின் மகளின் கல்லறை அருகே இறந்து கிடந்தார். பத்தாண்டு 2017இல் முடிந்தது. ஸ்டையலுக்குள் கைதி வண்டிகள் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன.