ஒரு மரம்தானே, அத்தான்!

அத்தானோட புது வீட்டுப் பால் காய்ச்சு வீடியோவுக்குக் கீழே நான் போட்ட ஒத்த வரி கமெண்டுக்கு மூணு நாளா நடக்கிற அர்ச்சனையை எல்லாரும் பாத்திருப்பீங்க. "பாஸ் இருக்கா அத்தான்?" அவ்வளவுதான் கேட்டேன். காட்டு மரத்தைக் கொண்டுவர வனத்துறை குடுக்கிற அனுமதிச் சீட்டைத்தான் சொல்லுதேன். குடும்ப வாட்ஸப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கியாச்சு. பெரியவங்க ரெண்டு பேர் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஒம் மவனுக்குப் பொறாமை"ன்னு சொல்லியிருக்காங்க. சரி, பொறாமைன்னே வச்சுக்கிடுவோம். கேட்டதுக்குப் பதில் எங்க?

வீடியோவை நான் இங்க மறுபடி போடல. ஆனா அந்த இடத்தை மறக்க முடியல. நிலைவாசலைத் தட்டிக் காட்டி அத்தான் சொல்லுதாரு: "கடைச் சரக்கு இல்ல கேட்டியளா. நெசமான கோங்கு. மேல இருந்து ராத்திரியோட ராத்திரியா இறக்குனது. கரையான் கிட்ட வராது." கோங்குன்னா மலைச் சோலைக்காட்டுல நிக்கிற பெரிய மரம். சுத்தி நிக்கிறவங்க அடேயப்பாங்கிறாங்க. மலையடிவாரத்து ஊரு களக்காட்டுல நின்னுக்கிட்டு 'மேல'ன்னா எது மேலன்னு தொட்டில்ல கிடக்க பிள்ளைக்கும் தெரியும். 1988-ல் புலிகள் காப்பகம்னு அறிவிச்ச மலை. 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்த மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. அதுல இருந்துதான் 'இறக்கி' இருக்கு. இதை நான் துப்பறிஞ்சு கண்டுபிடிக்கல. அவரே மைக் பிடிச்சுச் சொல்லுதாரு.

"ஒரு மரம்தானே?" இதான் வந்த பதில்ல முக்காவாசி.

பத்தாவது படிக்கும்போது அந்த மலைமேல இருக்க செங்கல்தேரிக்குப் போனேன். தலையணைங்கிற இடத்தைத் தாண்டுறவரைக்கும் முள்ளும் வெயிலும்தான். ஏற ஏற, ஒரு வளைவுக்கு அப்புறம் யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி இருட்டிப்போச்சு. மணி பன்னெண்டு. காலெல்லாம் அட்டை. மேல வெடிப்பலா மரத்துல சிங்கவால் குரங்குக் கூட்டம். கூட வந்த வனத்துறை வாச்சர் தாத்தா, "இதுக தரைக்கு எறங்க யோசிக்கும்டே. மரத்துக்கு மரம் கிளை தொட்டுக் கெடந்தாத்தான் இதுகளுக்குப் பாதை"ன்னாரு. அப்ப எனக்கு அது விளங்கல. இப்ப விளங்குது. நடுவுல ஒரு மரத்தை எடுத்தா நம்ம கணக்குல ஒண்ணு. அதுகளுக்கு ரோடு அறுந்துபோச்சு.

ஒண்ணா போகுது? சோலைக்காட்டுல மரங்களைக் கொடி பின்னிக் கெடக்கும். பெரிய மரம் சாயும்போது பக்கத்துல நிக்கிறதையும் இழுத்துக்கிட்டுத்தான் சாயும். ஓட்டை விழுந்த இடத்துல வெயில் இறங்கும், தரை காயும். கோங்கு விதை ரெக்கை கட்டிப் பறந்து விழும். விழுந்த கொஞ்ச நாள்லயே முளைச்சாத்தான் உண்டு, காஞ்சா செத்துப்போகும். எடுத்து டப்பாவுல போட்டு அடுத்த வருசம் விதைக்க அது கத்திரி விதை இல்ல.

அதனால "நான் நூறு கன்னு நட்டிருக்கேன், நீ எத்தனை நட்ட?"ன்னு கேக்குற அண்ணாச்சிக்குக் கும்பிடு. நீங்க நட்டது தேக்கு. நல்ல மரம்தான். ஆனா அது கோடையில இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். அந்தச் சோலைக்காடு எப்பவும் பச்சையா நின்னு, ரெண்டு மழைக்காலத்துலயும் மழை வாங்கி, சருகுக்கும் மண்ணுக்கும் அடியில ஊறவச்சு, மாசக்கணக்குல கசியவிடுது. பங்குனியில பச்சையாத்துல சலசலன்னு ஒரு கோடு தண்ணி ஓடுதே, அந்தக் கசிவுதான். சேர்வலாறு, மணிமுத்தாறு, பொருநைங்கிற தாமிரபரணி எல்லாத்துக்கும் இதே கதைதான். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி. பால் காய்ச்சின பால்லயும் கலந்திருக்கும், பால்காரரைக் கேட்டுப் பாருங்க.

"காடு இருந்தும் 2023 டிசம்பர்ல வெள்ளம் வந்துச்சே"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தான். நல்ல கேள்வி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அதைத் தாங்க எந்தக் காட்டாலயும் முடியாது. ஒத்துக்கிடுதேன். அதுக்காக இருக்க காட்டையும் வழிச்சு எடுக்கணுமாக்கும்?

"ஒன் வீட்டுக் கட்டில் எந்த மரம்?" இது அத்தான் மகன். தேக்கு. தாத்தா காலத்துக் கட்டில். ரசீது என்கிட்ட இல்லதான். தாத்தா எங்க வாங்குனாருன்னும் தெரியாது. போதுமா? ஆனா நான் அதுல ஏறி நின்னு வீடியோ எடுக்கலியே.

இப்ப ஆச்சி கதையைச் சொல்லியே ஆகணும். கேஸ் அடுப்பு வர்றதுக்கு முன்னாடி எங்க ஆச்சி சும்மாடு வச்சு மலையடிவாரத்துல விறகு சுமந்தவ. காஞ்ச சுள்ளி மட்டும்தான். பச்சை மரத்துல அருவா வைக்க மாட்டா, "பால் வடியும் எய்யா, பாவம்"பா. ஒருநாள் ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு வராந்தாவுல குத்தவச்சு உக்கார வச்சாங்க. கட்டும் போச்சு, அருவாளும் போச்சு. அபராதம் கட்டக் கம்மலை அடகு வச்சது அம்மாவுக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஆச்சி அந்தப் பக்கம் போகல. சட்டம்னா சட்டம்னுட்டா. அந்த ஆச்சியோட சொந்த மருமவன்தான் அத்தானுக்கு அப்பா. ஒரு கட்டுச் சுள்ளிக்கு இருந்த சட்டம் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரத்துக்கு எங்க போச்சு? தேடிக்கிட்டிருக்கேன். ராத்திரியோட ராத்திரியா இறங்கிப் போயிருக்கும்போல.

"மஞ்சோலையில காட்டை அழிச்சுத் தேயிலை போட்டப்ப எங்கடே போன?" பொறக்கல, அண்ணாச்சி! மஞ்சோலையும் அதே மலைதான். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் அங்க 8,000 ஏக்கருக்கு மேல 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. எடுத்த பாம்பே பர்மா கம்பெனி பேருல பர்மா வந்ததே அங்க தேக்கு வெட்டினதாலதான். வெட்டினதைக் குறைச்சுக் கணக்குக் காட்டுனாங்கன்னு பர்மா ராஜா தர்பார் 1885-ல் அபராதம் போட, அதையே சாக்கா வச்சு வெள்ளைக்காரன் படையெடுத்து அந்த நாட்டையே பிடிச்சான். மரக்கணக்கு கேட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ராஜாவே சாட்சி. என்னைக் குரூப்புல இருந்து தூக்கினதோட நான் தப்பிச்சேன்.

மஞ்சோலைன்னு எடுத்தா எனக்கு வேற கோவம் வருது. அந்தத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலி கேட்டு 1999 ஜூலை 23-ல் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்துல, போலீஸ் தடியடிக்கு அப்புறம், 17 பேர் தாமிரபரணியில பொணமாக் கிடந்தாங்க. அப்புறம் 2024-ல், காடு காடாகணும்னு, நாலு தலைமுறையா கொழுந்து பறிச்சவங்களைக் கீழ இறங்கச் சொன்னாங்க. காடு திரும்பணும்னு நானும் ஆசைப்படுறவன்தான். ஆனா இறங்கினவங்க சாக்குமூட்டையும் தகரப்பெட்டியுமா இறங்கினாங்க. நம்மாளு இறக்குனது கோங்கு. மலைக்குன்னு தியாகம் பண்ண எப்பவும் ஒரே கூட்டம்தானா?

"ஒருத்தன் கத்தி என்ன ஆகப்போகுது?" நீலகிரி கூடலூர் பக்கம் மரம் வெட்டுறதைப் பொறுக்காம நிலம்பூர்க்காரர் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாரு. 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டு மரத்துக்குப் பூட்டுப் போட்டுது. ஒத்த ஆள்தான். நான் அவ்வளவு பெரிய ஆளில்ல. கமெண்ட் போட்டதுக்கே மூணு நாளாத் தூக்கமில்ல.

அம்மா நேத்து அழுதா. "இனி அவன் வீட்டு வாசப்படிய எப்பிடி மிதிக்கது?"ன்னு. வாசப்படிய மிதிக்கக் கூடாது, தாண்டணும்னு நீதானம்மா சொல்லிக்குடுத்தன்னேன். கரண்டியைத் தூக்கிட்டு வந்தா.

அத்தான், பாஸ் இருந்தா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. பதிவை எடுத்துட்டு, அதே குரூப்புல வந்து மன்னிப்பும் கேக்கேன், யாராவது என்னைத் திரும்பச் சேத்துவிட்டா.